கோர்ட்டுக்குப் போன விஞ்ஞானி



தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் ஹைட்ரஜன், இன்னொரு பக்கம் ஆக்சிஜன் குமிழி குமிழியாக வரும். பள்ளிக்கூடத்திலேயே படிச்சிருப்பீங்க. சரி, இதை அப்படியே திருப்பிப் போட்டால்? இரண்டு வாயுவையும் சேர்த்துத் தண்ணீராக்கி, அதிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா? முடியும் என்று செய்து காட்டியவர் ஒரு வக்கீல்! பெயர் வில்லியம் ராபர்ட் குரோவ். இன்று நாம் ஃபியூல் செல், அதாவது எரிபொருள் கலம் என்று படிக்கிறோமே, அதற்கு விதை போட்டவர்.

1811-இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சியில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, 1835-இல் வழக்கறிஞர் ஆனார். ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. கோர்ட் வேலை குறைந்தது. கிடைத்த நேரத்தில் அறிவியல் பக்கம் திரும்பினார்.

1839-இல் அவர் செய்த முதல் மின்கலம் உடனே ஹிட். நீர்த்த கந்தக அமிலத்தில் துத்தநாகம், அடர் நைட்ரிக் அமிலத்தில் பிளாட்டினம், நடுவே நுண்துளைப் பாத்திரம். கிட்டத்தட்ட 1.9 வோல்ட் கிடைத்தது. அமெரிக்கத் தந்தி நிலையங்கள் கொஞ்ச காலம் இதில்தான் ஓடின. அதிலிருந்து வந்த நைட்ரஜன் டை ஆக்சைடு புகையையும் சேர்த்துத்தான் சகித்துக்கொண்டார்கள்!

நம்ம கதை அதே வருடம் செய்த இன்னொரு சோதனையில் இருக்கிறது. இரண்டு கண்ணாடிக் குழாய்களைக் கந்தக அமிலக் கரைசலில் தலைகீழாக நிறுத்தினார். ஒன்றில் ஹைட்ரஜன், மற்றொன்றில் ஆக்சிஜன். இரண்டிலும் பிளாட்டினத் தகடு. தகடுகளைக் கம்பியால் இணைத்ததும் மின்சாரம் ஓடியது. குழாய்களுக்குள் திரவ மட்டம் மெல்ல ஏறியது. அதாவது வாயு செலவாகிக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் ஷோன்பைன் என்ற வேதியியலாளரும் இதே விளைவைக் கவனித்திருந்தார்.

உள்ளே என்ன நடக்குது? பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜன் உடைந்து, எலக்ட்ரான் தனியாக, புரோட்டான் தனியாகப் பிரிகிறது. புரோட்டான் அமிலத்தின் வழியே மறுபக்கம் போகும். எலக்ட்ரானுக்கு அந்த வழி இல்லை; வெளிக்கம்பியைச் சுற்றித்தான் போகணும். அந்தச் சுற்றல்தான் நமக்கு மின்சாரம். மறுபக்கத்தில் எல்லாம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் தண்ணீர். நெருப்பும் இல்லை, சுழலும் பாகமும் இல்லை.

1842-இல் இதைப் பெரிதாக்கினார். 50 ஜோடி குழாய்கள். கை கோத்து நின்ற ஐந்து பேருக்கு ஷாக் அடிக்கும் அளவுக்கு வேலை செய்தது. அந்த மின்சாரத்தை வைத்தே தண்ணீரைத் திரும்பப் பிரித்தும் காட்டினார்! ஆனால் அதற்குக் குறைந்தது 26 கலங்கள் தேவைப்பட்டன. ஒரு கலத்துக்குக் கோட்பாட்டு அளவு 1.23 வோல்ட். அதைப் பார்த்தால் இரண்டு மூன்று கலங்களே போதணும் இல்லையா? பிரச்சினை எங்கே என்று குரோவே கண்டுபிடித்தார். வாயு, அமிலம், பிளாட்டினம் மூன்றும் ஒன்றாகத் தொடும் இடத்தில்தான் வினை நடக்கும். அவருடைய குழாயில் அந்த இடம் ஒரு மெல்லிய கோடு மட்டுமே. பரப்பைக் கூட்டணும். இன்றைய ஆராய்ச்சிக் கூடங்களிலும் பாதி வேலை இதுதான்.

அப்போது அவர் லண்டன் இன்ஸ்டிட்யூஷனில் பேராசிரியர். ஆற்றல் வடிவங்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாறும் என்று விளக்கும் அவருடைய புத்தகம் 1846-இல் வந்தது. அதே வருடம் பேராசிரியர் வேலையை விட்டார். குடும்பம் பெரிதாகிவிட்டது, அறிவியலில் வந்த வருமானம் போதவில்லை. மறுபடியும் கறுப்பு அங்கி. 1856-இல் விஷம் வைத்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட டாக்டர் வில்லியம் பாமருக்காக வாதாடிய வக்கீல்களில் குரோவும் ஒருவர். வழக்கு தோற்றது, பாமர் தூக்கிலிடப்பட்டார். 1871-இல் குரோவ் நீதிபதியானார், அடுத்த ஆண்டு சர் பட்டமும் வந்தது.

அவருடைய வாயு மின்கலம்? அலமாரியில் தூங்கியது. பிளாட்டினம் விலை அதிகம், கிடைத்த மின்னோட்டம் குறைவு. இதற்கிடையில் டைனமோ வந்து, நிலக்கரியை எரித்து மின்சாரம் தயாரிப்பது சுலபமாகிவிட்டது. 1896-இல் குரோவ் இறந்தபோது அவருடைய கலம் ஒரு விளக்கைக்கூட வியாபார ரீதியில் எரித்ததில்லை.

1932-இல் ஃபிரான்சிஸ் பேக்கன் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் அதை மறுபடியும் கையில் எடுத்தார். அமிலத்துக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, பிளாட்டினத்துக்குப் பதில் நுண்துளை நிக்கல். 1959-இல் 5 கிலோவாட் தரும் கலத்தை இயக்கிக் காட்டினார். அந்த வழியில் வந்த கலங்கள்தான் அப்போலோ விண்கலத்தில் ஏறின, ஒவ்வொன்றிலும் மூன்று. மின்சாரமும் கொடுத்தன, வீரர்களுக்குக் குடிதண்ணீரும் கொடுத்தன. 1970 ஏப்ரலில் அப்போலோ 13-இன் ஆக்சிஜன் தொட்டி வெடித்ததும் எரிபொருள் கலங்கள் நின்றுபோயின. மின்சாரம், தண்ணீர் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தட்டுப்பாடு. நிலவில் இறங்கவேண்டிய கலத்தின் பேட்டரியை வைத்துத்தான் மூவரும் உயிரோடு திரும்பினார்கள். 2024 ஜனவரி 1 அன்று இஸ்ரோ ஏவிய பிஎஸ்எல்வி சி-58 ராக்கெட்டின் மேல்கட்டத்திலும் ஓர் எரிபொருள் கலம் சோதிக்கப்பட்டது.

இப்போ இது கார், பேருந்து, மருத்துவமனை பேக்கப் வரை வந்தாச்சு. ஆனாலும் பிளாட்டினத்தைக் குறைப்பது எப்படி, ஹைட்ரஜனைப் புகையில்லாமல் மலிவாகத் தயாரிப்பது எப்படி என்ற கேள்விகள் இன்னும் பாக்கி. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுறீங்களா? குரோவ் 26 கலங்களோடு விட்ட இடத்திலிருந்து ஆரம்பிங்க!