மோதி பாக்கில் தங்கிய குரு

ரிங் ரோடில் மோதி பாக்கைத் தாண்டும் நம்மவர்கள் அந்த வெள்ளைக் குருத்வாராவைப் பார்த்திருப்பார்கள். லங்கரில் அமர்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டவர்களும் உண்டு. சீக்கியரின் பத்தாவது குரு கோவிந்த சிங் 1707-ல் டில்லி வந்தபோது தங்கிய இடம் அது. அங்கிருந்தே செங்கோட்டைக்கு அம்பு எய்து தம் வருகையைத் தெரிவித்தார் என்பது ஐதிகம். அப்போது அவருடைய நான்கு பிள்ளைகளில் ஒருவர்கூட உயிருடன் இல்லை.

1666-ல் பாட்னாவில் பிறந்தவர். 1675-ல் தந்தை தேஜ் பகதூரை சாந்தினி சௌக்கில் சிரச்சேதம் செய்தார்கள். 1699-ல் கால்சாவை நிறுவினார். 1704-05 குளிர்காலத்தில் மலைநாட்டு ராஜாக்களின் ஆட்களும் சர்ஹிந்த் அதிகாரி வசீர் கானின் படையும் ஆனந்தபூரை முற்றுகையிட்டன. வெளியேறினால் தொடமாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள், வெளியே வந்ததும் தாக்கினார்கள். மூத்த பிள்ளைகள் இருவரும் சம்கௌரில் போரிட்டு மாண்டனர்.

அது போர்க்களம். சர்ஹிந்தில் நடந்தது வேறு. பத்து வயதுகூட நிரம்பாத ஜோராவர் சிங்கும் பதே சிங்கும் பாட்டியுடன் பிடிபட்டார்கள். பகை தந்தையோடுதான், பிள்ளைகளை விட்டுவிடுங்கள் என்று மாலேர்கோட்லா நவாப் ஷேர் முகமது கான் வாதாடினார். இத்தனைக்கும் அவர் குருவை எதிர்த்துப் போரிட்டவர். பிள்ளைகள் வளர்ந்தால் தந்தையைப் போலவே ஆவார்கள் என்று எதிர்வாதம் செய்தவர் திவான் சுச்சா நந்த். மதத்தை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிறுவர்களைச் சுவரில் வைத்துக் கட்டினார்கள் என்பது சீக்கிய மரபு. பாட்டியும் காவலிலேயே இறந்தார்.

பழி யாருடையது? ஔரங்கசீப் அப்போது தொலைதூரத் தக்காணத்தில் இருந்தார். கீழே இருப்பவன் செய்ததற்கு மேலே இருப்பவர் என்ன செய்வார் என்று சொல்லிவிடலாம். குரு அதை ஏற்கவில்லை. பாதுஷாவின் பெயரால் செய்த சத்தியம் முறிந்தது, ஆகவே பாதுஷாவே பதில் சொல்ல வேண்டும் என்று பாரசீகத்தில் செய்யுளாகக் கடிதம் எழுதி அனுப்பினார். அதுவே சஃபர்நாமா. இருவரும் சந்திக்கும் முன்பே 1707-ல் ஔரங்கசீப் இறந்துபோனார்.

புதிய பாதுஷா பகதூர் ஷா ஆக்ராவில் குருவுக்கு மரியாதை செய்தார். குருவும் அவருடன் தெற்கே போனார். ஆனால் வசீர் கான் பதவியிலேயே இருந்தான். நீதி வருமுன் 1708-ல் நாந்தேட்டில் குரு கத்திக் குத்துக்கு ஆளாகி உயிர் நீத்தார்.

அவர் அனுப்பிய பண்டா சிங், விவசாயிகளையும் ஏழை எளியவர்களையும் திரட்டி 1710-ல் வசீர் கானை வீழ்த்தினார். கொள்ளைக்கென்றே சேர்ந்தவர்களும் அந்தப் படையில் இருந்தார்கள். சர்ஹிந்தில் வாளெடுக்காத குடிமக்களும் மடிந்தனர். பாதுஷாவிடம் குரு கேட்ட கேள்வியைப் பண்டா சிங்கிடமும் கேட்கத்தான் வேண்டும்.

மாலேர்கோட்லாவை மட்டும் அந்தப் படை தொடவில்லை. 1947-ல் பஞ்சாப் எரிந்தபோதும் அந்த ஊருக்குள் கலவரம் நுழையவில்லை.