சாவித்திரிபாய் பூலே அம்மையாரின் பள்ளிக்கூடம்

பூனா நகரத்துப் புதவார்ப் பேட்டையில் பிடே வாடா என்று ஒரு பழைய வீடு இருந்தது. அவ்வீட்டின் ஒரு பகுதியில், 1848-ஆம் ஆண்டில், விரல்விட்டு எண்ணத்தக்க சில சிறுமியரை அமர்த்தி, பதினேழு வயதே நிரம்பிய ஓர் இளம்பெண் எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினார். நெடுங்காலம் பாழடைந்து கிடந்த அவ்வீடு, நினைவுச் சின்னம் எழுப்பும் பொருட்டு 2023 டிசம்பரில் இடிக்கப்பட்டுவிட்டது. அவ்விளம்பெண்ணே சாவித்திரிபாய் பூலே அம்மையார்.

அம்மையாரின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் நம்மவர் அனைவரும் கூறுவது ஒரே கதைதான். வீதியிலே செல்லும்போது சாணத்தையும் சேற்றையும் வீசினார்கள், கல்லெறிந்தார்கள், அம்மையார் மாற்றுப் புடவை ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று பள்ளியில் உடுத்திக்கொண்டார் என்பது அக்கதை. நாம் தம்ம உரை நிகழ்த்தச் செல்லும் இடங்களிலெல்லாம் தாய்மார்கள் அதனையே மீண்டும் மீண்டும் கேட்கின்றார்கள். அதைச் சொல்லக் கூடாதென்று நாம் கூறவில்லை. ஆனால் வீதியிலே நின்று சேறு வீசியவர்களைப் பற்றியே பேசிப் பேசி, புடவையை மாற்றிக்கொண்டு உள்ளே சென்ற அம்மையார் பகல் முழுவதும் என்ன செய்தார் என்பதை மறந்துவிட்டோம். ஆதலின் பள்ளிக்கூடத்தின் உட்புறத்தைப் பற்றியே இங்கே மிகுதியாகச் சொல்லக் கருதுகின்றோம்.

சாவித்திரிபாய் சதாரா ஜில்லாவைச் சேர்ந்த நாய்காவ் என்னும் சிற்றூரில் 1831-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கண்டோஜி நெவசே, ஊர்ப் பாட்டீல். ஒன்பதாம் வயதில், 1840-இல், பதின்மூன்று வயதுச் சிறுவரான ஜோதிராவ் பூலேவுக்கு மணம் செய்விக்கப்பட்டார். புகுந்த வீட்டுக்கு வந்தபோது அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. இதனை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகின்றோம். கற்றோர் வீட்டில் பிறந்து ஆசிரியை ஆனவர் அல்லர் அம்மையார்.

ஜோதிராவ் ஸ்காத்லாந்து மிஷன் பள்ளியில் பயின்றவர். தாம் கற்றதைத் தம் மனைவிக்கும், தாயை இழந்த தம்மை வளர்த்தெடுத்த சகுணாபாய் அம்மைக்கும் வீட்டிலேயே கற்பித்தார். கணவன் மனைவிக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது அக்காலத்தில் சிரிப்புக்கு இடமான செயல். கற்ற பெண் விதவையாவாள் என்னும் நம்பிக்கையும் ஊரில் இருந்தது. பின்னர் அம்மையார் ஆசிரியப் பயிற்சியும் பெற்றார். அகமத்நகரில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஃபாரர் அம்மையாரிடத்தும், பூனாவில் மிட்செல் அம்மையாரின் பயிற்சிப் பள்ளியிலும் அவர் பயின்றதாகக் கூறுவர்.

மிஷனரிகள் அதற்கு முன்னரே பெண்களுக்குப் பள்ளி நடத்தி வந்தார்கள். ஆயினும் நம் நாட்டவர் தாமே முன்வந்து நடத்திய பெண் பள்ளிகளுள் மிக முந்தியவற்றுள் ஒன்று பிடே வாடாவில் தோன்றியது. வேறொரு வேறுபாடும் உண்டு. பெரும்பாலும் பார்ப்பனப் பிள்ளைகளே எழுத்தறிவு பெற்றிருந்த அந்நகரத்தில், மகார், மாங்கு ஆகிய தீண்டப்படாதார் என்று தள்ளி வைக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கும் பூலே தம்பதியர் பள்ளிகள் திறந்தார்கள். இதற்கு இடம் கொடுத்த பிடேயும், பொருளும் உழைப்பும் தந்த கோவண்டே, பராஞ்சபே முதலிய நண்பர்களும் பிராமணரே என்பதை மறைத்தல் நேர்மையாகாது. எதிர்த்தவர் எக்குலத்தார் என்று சொல்லும் வாய், உதவியவர் எக்குலத்தார் என்பதையும் சொல்ல வேண்டுமன்றோ?

ஊரார் ஜோதிராவின் தந்தையார் கோவிந்தராவை நெருக்கினார்கள். அவரும் அஞ்சி, பள்ளியை விடு, அல்லது வீட்டை விடு என்று மகனிடம் சொல்லிவிட்டார். 1849-இல் இருவரும் வீட்டை விட்டு வெளியேறினார்கள். உஸ்மான் ஷேக் என்னும் முஸ்லிம் அன்பர் அவர்களுக்கு இடம் அளித்தார் என்பது வழிவழி வரும் செய்தி. பாத்திமா ஷேக் அம்மையார் சாவித்திரிபாயுடன் ஆசிரியையாகப் பணிபுரிந்தவர்.

1851-ஆம் ஆண்டு ஜூலையில் சிப்ளுங்கர் வாடாவிலும், செப்டம்பரில் ராஸ்தாப் பேட்டையிலும், 1852 மார்ச்சில் வேதாளப் பேட்டையிலும் பெண் பள்ளிகள் எழுந்தன. முதற்பள்ளியின் தலைமை ஆசிரியை சாவித்திரிபாய். அவருக்குக் கீழே உதவி ஆசிரியர்களாகப் பிராமண இளைஞர்கள் பணிபுரிந்தார்கள். தோட்டக்காரச் சாதியிற் பிறந்த இருபது வயதுப் பெண்ணின் கட்டளைப்படி அவர்கள் பாடம் நடத்தினார்கள் என்றால், அது அக்காலப் பூனாவில் எத்தகைய காட்சி என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

அங்கே கற்பித்தவை வேதமும் அல்ல, விரத மகாத்மியங்களும் அல்ல. வாசிப்பு, எழுத்து, இலக்கணம், கணக்கு, பூகோளம், சரித்திரம் ஆகியவையே. வீட்டு வாசற்படி தாண்டக் கூடாதென்று வளர்க்கப்பட்ட சிறுமிக்கு, தன் ஊருக்கு அப்பாலும் மலையும் ஆறும் கடலும் உண்டென்று பூகோளப் பாடம் காட்டிற்று.

பிள்ளைகளைச் சேர்ப்பது ஒரு பாடு. சேர்ந்தவர்களை நிறுத்தி வைப்பது அதனினும் பெரும்பாடு. ஏழை வீட்டில் பெண் குழந்தை தம்பியைத் தூக்க வேண்டும், சுள்ளி பொறுக்க வேண்டும். அம்மையார் இதை நன்கறிந்தவர். ஆகவே வராத பிள்ளைகளைக் குறை கூறிக் கொண்டிராமல், வருகிற பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். பெற்றோரைக் கூட்டி வைத்துக் கல்வியின் பயனை எடுத்துரைத்தார்கள். இவை இன்றைக்குச் சர்க்கார் திட்டங்களாக நமக்குப் பழக்கமானவை. அன்றைக்கு இவற்றைச் செய்தவர்கள் சொந்த வீட்டை இழந்து நின்ற இருவர்.

நாம் ஆலைத் தொழிலாளியாக இருந்தவர் என்பது இப்பத்திரிகையின் வாசகர் பலருக்கும் தெரியும். பதின்மூன்றாம் வயதில் பள்ளியை விட்டோம். விட்ட நாளன்று ஏன் வரவில்லையென்று கேட்க ஒருவரும் வீட்டு வாசலுக்கு வரவில்லை. பின்னர் நூற்புப் பகுதியில் இரவு முறை முடிந்து, சக தொழிலாளி ஒருவரிடத்தில், பொட்டலம் கட்டிய செய்தித்தாள் துண்டுகளை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தோம். ஆகையால் 1855-ஆம் ஆண்டில் பூலே தம்பதியர் உழவருக்கும் கூலியாட்களுக்கும் இராப்பள்ளி தொடங்கினார்கள் என்று முதன்முறை படித்தபோது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் வாளா இருந்தோம். பகல் முழுவதும் மண்வெட்டி பிடித்து மரத்த விரல்கள் எழுதுகோலைப் பிடிக்கும் கஷ்டம் எங்களைப் போன்றவர்களுக்கே விளங்கும்.

மீண்டும் வகுப்பறைக்கு வருவோம். பள்ளிகளின் புகழ் பரவிற்று. இப்பள்ளிகளில் படிக்கும் பெண்களின் தொகை சர்க்கார் பள்ளிகளிற் படிக்கும் ஆண் பிள்ளைகளின் தொகையைவிடப் பன்மடங்கு மிகுதி என்று 1852-இல் பூனாவின் ஆங்கிலப் பத்திரிகை ஒன்று எழுதிற்று. அவ்வாண்டு நவம்பரில் சர்க்கார் ஜோதிராவுக்குச் சால்வை போர்த்திச் சிறப்புச் செய்தது. 1853 பிப்ரவரியில் நடந்த பொதுப் பரீட்சையில் இருநூறுக்கு மேற்பட்ட சிறுமியர் அமர்ந்தனர். அதனைக் காண நகரமே திரண்டது. பரிசளிப்பு ஒன்றில், சிறுமி ஒருத்தி தனக்குப் பண்டமும் விளையாட்டுப் பொருளும் வேண்டா, பள்ளிக்கு ஒரு நூல் நிலையம் வேண்டுமென்று கேட்டாள் என்றும் சொல்வார்கள்.

அப்பள்ளியின் விளைச்சல் எத்தகையது என்று அறிய வேண்டுமாயின், முக்தா என்னும் மாணவியைப் பார்க்க வேண்டும். மாங்குக் குலத்தில் பிறந்த முக்தா சால்வே, ஏறத்தாழ மூன்றாண்டுகள் படித்த பின், பதினான்காம் வயதில், மாங்குகளும் மகார்களும் படும் துன்பத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். அது 1855-இல் ஞானோதயம் என்னும் பத்திரிகையில் வெளிவந்தது. பேஷ்வாக்களின் ஆட்சியில் தம் குலத்தார் பட்ட கொடுமைகளையும், கட்டடங்களின் அடித்தளத்தில் அவர்கள் புதைக்கப்பட்டதையும், தம் குலப் பெண்கள் மேற்கூரையின்றிக் குளிரிலும் மழையிலும் பிள்ளை பெறும் அவலத்தையும் அவள் எழுதினாள். எல்லாவற்றினும் மேலாக ஒரு கேள்வி கேட்டாள். வேதம் பிராமணர்க்கே உரியது, பிறர் பார்க்கவும் கூடாது என்றால், புத்தகமே இல்லாத நாங்கள் எந்த மதத்தைச் சேர்ந்தவர்கள் என்பதே அக்கேள்வியின் கருத்து. நாகபுரியில் 1956 அக்டோபர் 14-ஆம் நாள் திரண்ட இலட்சக்கணக்கான மக்கள் அதே கேள்வியைத்தான் தம் உள்ளத்தில் சுமந்து வந்தார்கள்.

நாம் இங்கே வியப்பது ஒன்று. இக்கட்டுரையை மாணவி எழுதினாள் எனில், அவ்வகுப்பறையில் மாணவி எதையும் கேட்கலாம் என்னும் துணிவை ஆசிரியர் வளர்த்திருக்க வேண்டும். சொல்லியதை ஒப்பிப்பதே கல்வி என்றிருந்த காலத்தில் இத்துணிவு தானாக வந்திராது.

அம்மையார் தாமும் எழுதினார். 1854-இல், இருபத்துமூன்றாம் வயதில், காவ்ய பூலே என்னும் கவிதை நூலை மராத்தியில் வெளியிட்டார். பூவையும் வண்டையும் பாடிய பாடல்களோடு, குழந்தைகளைப் படிக்க அழைக்கும் பாடல்களும் அதில் உண்டு.

1856-இல் அம்மையார் நோயுற்று, பிறந்த ஊராகிய நாய்காவுக்குச் சென்று தங்கினார். அங்கிருந்து அக்டோபர் மாதம் கணவருக்கு எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கின்றது. அவருடைய உடன்பிறந்தார், தாழ்ந்தவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் குலத்தைக் கெடுத்தீர்கள் என்று அவரைக் கடிந்துகொண்டார். ஆட்டையும் மாட்டையும் அன்போடு தடவிக் கொடுக்கும் நீங்கள் மனிதரைத் தொட மறுப்பது என்ன நியாயம் என்னும் கருத்துப்பட அம்மையார் மறுமொழி கூறினார். தாயார் கண்ணீர் விட்டார். வீதியில் எறிந்த கல்லைக் காட்டிலும் உடன்பிறந்தார் சொல்லே அவருக்கு உறுத்தியிருக்கும் என்பது நம் எண்ணம். பௌத்தம் தழுவியபின் உறவினர் வீட்டு விசேஷங்களில் தனியே நின்றவர்கள் இதனை உணர்வார்கள். அதே கடிதத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. தாம் இல்லாத நாட்களில் பள்ளிச் சுமை முழுவதும் பாத்திமாவின் மேல் விழுந்திருக்கும், ஆயினும் அவள் முணுமுணுக்க மாட்டாள் என்று எழுதியிருக்கின்றார். நோய்ப்படுக்கையிலும் பள்ளியின் நினைவுதான்.

1857 கலகத்திற்குப் பின் நன்கொடைகள் சுருங்கின. பள்ளிகளும் தளர்ந்தன. பூலே தம்பதியரின் பணி வேறு கிளைகளில் வளர்ந்தது. வஞ்சிக்கப்பட்டுக் கருவுற்ற விதவைகள் உயிரை மாய்த்துக்கொள்ளாமலும் சிசுவைக் கொல்லாமலும் காக்க, 1863-இல் தம் வீட்டிலேயே ஒரு புகலிடம் அமைத்தார்கள். அங்கு வந்த காசிபாய் என்னும் பிராமண விதவையின் மகனையே 1874-இல் சுவீகாரம் எடுத்து யஷ்வந்த் என்று வளர்த்தார்கள். 1868-இல் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டப்படாதார்க்குத் திறந்துவிட்டார்கள். 1873-இல் சத்திய சோதக சமாஜம் தோன்றிற்று. பம்பாய் ஆலைத் தொழிலாளருக்கு 1884-இல் சங்கம் கண்ட நாராயண மேகாஜி லோகண்டே இச்சமாஜத்தின் தொண்டரே. 1876-77-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது அம்மையார் ஜுன்னர்ப் பக்கத்து ஓதூரில் தங்கிப் பசித்தோர்க்கு உதவும் பணியில் ஈடுபட்டார்.

1890 நவம்பர் 28-ஆம் நாள் ஜோதிராவ் காலமானார். கொள்ளிச்சட்டி ஏந்தும் உரிமை சுவீகார புத்திரனுக்கு இல்லையென்று உறவினர் தகராறு செய்தார்கள். அம்மையார் ஒன்றும் வாதிடவில்லை. சட்டியைத் தாமே ஏந்தி முன் நடந்தார். அதன்பின் சமாஜத்தை நடத்தி, 1893-இல் சாஸ்வட் மாநாட்டிற்குத் தலைமையும் தாங்கினார். பாபாசாகேப் அம்பேத்கர் புத்தர், கபீர் ஆகியோருடன் ஜோதிராவைத் தம் குருமார் மூவருள் ஒருவராகக் கொண்டதையும், 1946-இல் சூத்திரர் யார் என்னும் தம் நூலை அவர்க்கே உரிமையாக்கியதையும் நாமனைவரும் அறிவோம். அந்தக் குருவின் பள்ளிகளில் கரும்பலகையின் முன் நின்றவர் அம்மையார்.

1896-இல் பம்பாயில் புகுந்த பிளேக் நோய் அடுத்த ஆண்டு பூனாவையும் பற்றிற்று. லோகண்டே 1897 பிப்ரவரியில் அந்நோய்க்கு இரையானார். மருத்துவராகியிருந்த யஷ்வந்த், நகரத்துக்கு வெளியே ஹடப்சர்ப் பக்கத்தில் நோயாளிகளுக்கு ஒரு சிகிச்சை நிலையம் அமைத்தார். அம்மையாருக்கு அப்பொழுது வயது அறுபத்தாறு. முண்ட்வாவின் மகார் குடியிருப்பில் பாண்டுரங்க பாபாஜி கெயிக்வாட் என்பவரின் மகன் நோயுற்றுக் கிடப்பதாகக் கேள்விப்பட்டு, தாமே அங்குச் சென்று, சிறுவனை முதுகில் சுமந்துகொண்டு சிகிச்சை நிலையத்திற்கு வந்து சேர்ந்தார். அச்சிறுவன் பிழைத்தான் என்பர். நோய் அம்மையாரைப் பற்றிக்கொண்டது. மார்ச்சு 10-ஆம் நாள் இரவு ஒன்பது மணி அளவில் அவர் உயிர் நீத்தார்.