பேஸ்போலின் தந்தையும் ஒரு கழகத்தின் கொப்பியும்

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு பேஸ்போல் ஒன்றும் விளங்காது. கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண். 1992இலும் 1993இலும் ரொறன்ரோ புளூ ஜேஸ் அணி உலகத் தொடரை வென்றபோது பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள், நானும் சேர்ந்து கைதட்டினேன். பிறகுதான் இந்த விளையாட்டை யார் தொடங்கினார்கள் என்று நூலகத்தில் தேடி வாசிக்க ஆரம்பித்தேன். அப்படி அறிந்துகொண்ட ஒரு மனிதரின் கதையை இந்தப் புத்தாண்டு மலரில் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அவரும் சித்திரையிலே பிறந்தவர். அவரும் பிறந்த ஊரை விட்டுப்போய்த் தூரதேசத்தில் கண்மூடியவர்.

அவர் பெயர் அலெக்சாண்டர் கார்ட்ரைட். 1820ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் திகதி நியூயோர்க் நகரில் பிறந்தார். தகப்பன் ஒரு கப்பல் கப்டன். மகன் பதினாறு வயதிலேயே கிளாக்கர் வேலைக்குப் போய், பின்னர் ஒரு வங்கியில் சேர்ந்தார். அதன் பிறகு தமையன் தம்பியாகச் சேர்ந்து புத்தகக் கடை நடத்தினார்கள். சம்பளம் இல்லாத தொண்டராகத் தீயணைப்பு வேலையும் செய்தார்.

அந்தக் காலத்து நியூயோர்க்கில் இவரைப் போன்ற கிளாக்கர்மார், வியாபாரிகள், டொக்டர்மார் வேலை முடிந்த பிறகு வெறுங்காணிகளில் கூடிப் பந்தடித்தார்கள். நகரம் வளர வளர வெறுங்காணிகள் வீடும் கடையுமாகின. விளையாடியவர்கள் மறி ஹில் என்ற பகுதிக்குத் தள்ளிப் போனார்கள், பிறகு அங்கேயும் நிற்க முடியவில்லை. கடைசியில் ஃபெரியில் ஏறி ஹட்சன் ஆற்றைக் கடந்து, ஹோபோக்கனில் இருந்த எலீசியன் பீல்ட்ஸ் என்ற மைதானத்துக்குப் போனார்கள். அதற்கு வருட வாடகை 75 டொலர். வாடகை கட்ட வேண்டுமென்றால் சந்தா வேண்டும். சந்தா சேர்க்க ஒரு கழகம் வேண்டும்.

இங்கேதான் கார்ட்ரைட்டின் பங்கு வருகிறது. 1845இன் வசந்த காலத்தில், நாங்கள் ஒரு முறையான கழகமாகச் சேருவோம் என்று மைதானத்தில் வைத்துச் சொன்னவர் அவர். ஆள் சேர்த்துத் தருவதாகவும் பொறுப்பெடுத்தார். அந்த வருடம் செப்ரெம்பர் 23ஆம் திகதி நிக்கபொக்கர் கழகம் உருவானது. எழுத்தில் வைத்த விதிகள் மொத்தம் 20. அதில் முதலாவது விதியே குறித்த நேரத்துக்கு எல்லாரும் வந்துவிட வேண்டும் என்பதுதான். எங்கட சங்கக் கூட்டங்களுக்கு வருபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்!

விதிகளில் ஒன்று விளையாட்டையே மாற்றியது. நாங்கள் ஊரில் விளையாடிய எல்லே நினைவிருக்கும். ஓடுகிறவனின் முதுகைப் பார்த்துப் பந்தால் எறிந்தால் அவன் ஆட்டமிழப்பான். அமெரிக்காவிலும் முன்பு அப்படித்தான் விளையாடினார்கள். நிக்கபொக்கர் கழகம் ஆளுக்கு எறிவதை நிறுத்தி, பேஸுக்குப் பந்து முந்தி வந்தாலோ, பந்தைக் கையில் வைத்து ஓடுகிறவனைத் தொட்டாலோ அவுட் என்றது. ஆளின் மேல் எறிவதில்லை என்றானபின் கடினமான பந்தைப் பாவிக்கலாம். கடினமான பந்து தூரப் போகும், வேகமாகவும் வரும். இன்று நாம் காணும் பேஸ்போலின் விறுவிறுப்புக்கு அது ஒரு முக்கிய காரணம்.

1846 ஜூன் 19ஆம் திகதி இவர்கள் இன்னொரு நியூயோர்க் அணியோடு மோதினார்கள். சொந்த விதி, சொந்த மைதானம். ஆனால் தோற்றது 23க்கு 1 என்ற கணக்கில்! அன்று கெட்ட வார்த்தை பேசிய ஒருவருக்கு ஆறு சதம் தண்டம் போட்டதும் கழகத்தின் கொப்பியில் பதிவாகி இருக்கிறது.

கார்ட்ரைட் கழகத்தின் செயலாளராகவும் உப தலைவராகவும் இருந்தார். ஆனால் நாலு வருடம் கூட முடியவில்லை. கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறதென்ற செய்தி வந்ததும், 1849 மார்ச் மாதம் மனைவி பிள்ளைகளை விட்டுவிட்டுத் தரைவழியாகப் புறப்பட்டார். தங்கத்தில் அவருக்கு அதிர்ஷ்டம் இருக்கவில்லை. அங்கே நெடுநாள் நிற்காமல் கப்பலேறி, ஓகஸ்ட் மாதக் கடைசியில் ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு நகரில் இறங்கினார். 1851இல்தான் குடும்பம் வந்து சேர்ந்தது.

அன்று ஹவாய் தனி இராச்சியம். 1850இலேயே அரசர் மூன்றாம் கமெஹமெஹா இவரைத் தீயணைப்புப் படைக்குத் தலைவராக்கினார். அந்தப் பொறுப்பில் 1863 வரை இருந்தார். வியாபாரம் செய்தார், நூலகம் தொடங்கக் கைகொடுத்தார். அரசி எம்மாவின் பணவிடயங்களைப் பார்த்து, அவர் மறைந்த பின் சொத்துகளைப் பொறுப்பாக நிர்வகித்தார். நியூயோர்க்குக்குத் திரும்பிக் குடியேறவேயில்லை. ஆனால் 1865இல் பழைய கழகத் தோழர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், மறி ஹில்லில் விளையாடிய அந்தப் பழைய பந்து இன்னும் தன்னிடம் இருக்கிறதென்று எழுதியிருக்கிறார். 1892 ஜூலை 12ஆம் திகதி இறந்தார். ஹொனலூலுவில்தான் அவரது கல்லறை.

அவர் இறந்த பிறகுதான் கதையின் மற்றப் பாதி. 1907இல் ஓர் ஆணைக்குழு, டபிள்டே என்ற இராணுவத் தளபதி 1839இல் கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில் பேஸ்போலைக் கண்டுபிடித்தார் என்று தீர்ப்புச் சொன்னது. ஆதாரம் ஒரு முதியவரின் ஞாபகம் மட்டுமே. அந்த வருடம் டபிள்டே இராணுவக் கல்லூரியில் மாணவனாக இருந்தவர். கார்ட்ரைட்டின் பேரன் ஹவாயிலிருந்து கடிதம் மேல் கடிதம் எழுதித் தன் பாட்டனாருக்காக வாதாடினார். 1938இல் கார்ட்ரைட் பேஸ்போல் புகழ் மண்டபத்துக்குத் தெரிவானார். அவருடைய வெண்கலப் பலகையில், பேஸ்களுக்கு இடையில் 90 அடி வைத்தவர், 9 இனிங்ஸ் வகுத்தவர், அணிக்கு 9 பேர் என்று தீர்மானித்தவர் என்றெல்லாம் எழுதினார்கள்.

இந்த மூன்றும் 1845 விதிகளில் இல்லை! அந்த விதிகளின்படி முதலில் 21 ஓட்டம் எடுக்கும் அணிதான் வெற்றி. விதிகளைத் தயாரித்த குழுவில் இருந்தவர்கள் வில்லியம் வீற்றன், வில்லியம் ரக்கர் என்ற இருவர். 90 அடியும் 9 இனிங்ஸும் 9 பேரும் 1857இல் பல கழகங்கள் கூடிய மாநாட்டில் வந்தவை. அதற்குத் தலைமை வகித்தவர் டானியல் அடம்ஸ் என்ற டொக்டர். கார்ட்ரைட் போன பிறகும் நகரத்திலேயே இருந்து, நல்ல பந்து செய்ய ஆளில்லாத காலத்தில் தானே பந்து செய்து கழகங்களுக்குக் கொடுத்தவர் அவர். 2015 டிசம்பரில் அவரைப் புகழ் மண்டபத்தில் சேர்க்க வாக்கெடுத்தபோது 12 வாக்கு வேண்டியிருந்தது. கிடைத்தது 10.

இதனால் கார்ட்ரைட் சிறுத்துப் போய்விடவில்லை என்பது என் எண்ணம். வாருங்கள், ஒன்றாகச் சேருவோம் என்று சொல்லி வீடு வீடாக ஆள் சேர்ப்பவர் இல்லாமல் எந்தக் கழகமும் பிறக்காது. அந்தப் பெருமை அவருக்குப் போதும். மற்றவர்களுடைய வேலையையும் அவர் தலையில் ஏற்றி வைத்தது பின்னால் வந்தவர்கள். அவர் அதைக் கேட்கவும் இல்லை.

உண்மை எப்படி வெளியில் வந்தது? கழகம் 1882இல் கலைந்துவிட்டது. ஆனால் அதன் கொப்பிகள் நியூயோர்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. யார் விளையாடினார், யார் எத்தனை ஓட்டம் எடுத்தார், யார் தண்டம் கட்டினார் எல்லாம் அதில் உண்டு. ஆராய்ச்சியாளர்கள் இப்படியான பழைய பதிவுகளைத் தேடிப் புரட்டித்தான் அவரவர் பங்கை அவரவருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

என் ஊர் விளையாட்டுக் கழகத்தின் கொப்பி 1995 இடப்பெயர்வோடு போய்விட்டது. முதல் பந்து வாங்கக் காசு தந்தது யார், தன் காணியில் விளையாட விட்டது யார் என்று கேட்டால் இன்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். சொல்லத் தெரிந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எங்கட சங்கங்களிலும் கழகங்களிலும் கூட்டறிக்கை எழுதுவதென்றால் எல்லாருக்கும் பஞ்சி. மேடையில் நின்றவரின் பெயர் எப்படியும் மிஞ்சும். மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவரின் பெயரும், விடிய எழும்பிச் சாப்பாட்டுப் பார்சல் கட்டிய அக்காவின் பெயரும் எழுதி வைத்தால்தான் மிஞ்சும்.

இந்த வருடம் புதுக் கொப்பி ஒன்று வாங்குவோம். அனைவருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்.