கண்டி நோயாளரைக் கைவிடாத அடிகளார்

1697ஆம் ஆண்டு கண்டி மாநகரில் வைசூரி பரவியது. அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் நகரை நீங்கினான். நோயுற்றோரை வீட்டாரே காட்டில் கொண்டுபோய் விட்டனர்.

அவ்வேளையில் ஓடாமல் நின்றவர் யோசேவாஸ் அடிகளார். 1651இல் கோவாவில் பிறந்த அவர், ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1687இல் மாறுவேடத்தில் இலங்கை வந்தவர். உறவினரான கர்வாலியோ அடிகளுடன் நோயாளரைக் குடிசைகளில் சேர்த்து, மதபேதமின்றிப் பணிவிடை செய்தார். இறந்தோரை அடக்கம் செய்தார். அந்நோய்க்கு அன்று மருந்தில்லை. உணவும் நீரும் சுத்தமும் ஆள்துணையுமே நோயாளிக்கு ஆதாரம். 1711 சனவரி 16இல் அவர் கண்டியில் இறைபதம் அடைந்தார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

வைசூரி உலகில் ஒழிந்துவிட்டதென 1980இல் அறிவிக்கப்பட்டது. கொப்புளிப்பான் அம்மை இன்றும் வருகிறது. லயத்தில் ஒரு பிள்ளைக்கு அது கண்டால், பெற்றோரே, மறைக்காதீர்கள். காற்றோட்டமான தனியிடமும், கொதித்தாறிய நீரும் கொடுங்கள். கர்ப்பிணிகள் அருகே வரவேண்டாம். அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூச்சுத்திணறலோ மயக்கமோ கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். அதுவரை அருகில் ஒருவர் இருங்கள். அடிகளார் செய்தது அதுவே.