இடது கால்ல மட்டும் ஆடச் சொன்ன வாத்தியார்... ரஹீம் சாப் கதை தெரியுமா?

'மைதான்' படம் பார்த்திருப்பீங்க. 2024-ல அஜய் தேவ்கன் நடிச்சு, ஏ.ஆர்.ரஹ்மான் இசையில வந்த கால்பந்துப் படம். பார்க்கலைன்னாலும் ரீல்ஸ்ல அந்த கிளைமாக்ஸ் மேட்ச் கண்ணுல பட்டிருக்கும். அதுல அஜய் தேவ்கன் நடிச்ச கேரக்டர்தான் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரங்களுக்கு ரஹீம் சாப். அந்த ஃபைனலுக்கு முந்தின கதை எனக்கு இன்னும் பிடிச்சிருந்தது. ஏன்னா, அது ஒரு ஸ்கூல் வாத்தியாரோட கதை.

1909 ஆகஸ்ட் 17-ல ஹைதராபாத்தில் பிறந்தவர் ரஹீம். அப்போ அது நிஜாம் ஆட்சியில் இருந்த ஊர். உஸ்மானியா பல்கலைக்கழக அணிக்காக ஆடினார், உள்ளூர் லீக்ல கமர் கிளப்புக்காக ஆடினார். ஆட்டக்காரரா அவர் பேர் ஊரைத் தாண்டிப் பெருசா போகலை. படிச்சு முடிச்சு டீச்சர் வேலைக்குப் போனார். பாடம் நடத்தினார், உடற்கல்விப் படிப்பும் முடிச்சார், சாயங்காலம் பசங்களை கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போனார். 1943-ல ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு வந்தது. சாகும்வரை அதை விடலை.

அந்தப் பொறுப்பை வெச்சு அவர் நடத்தின போட்டிகளைக் கேட்டா சிரிப்பு வரும். ஒரு டோர்னமென்ட்ல பந்தை காலோட ஒட்டி உருட்டிக்கிட்டே ஓடக்கூடாது. வந்த பந்தை உடனே இன்னொருத்தனுக்குத் தள்ளிவிடணும். இன்னொண்ணுல எந்தக் கால்ல வலு இல்லையோ, அந்தக் கால்ல மட்டும்தான் அடிக்கணும். வலது கால் பழக்கக்காரன் ஆட்டம் முழுக்க இடது கால்தான். உயரத்துக்கு அளவு வெச்சும் போட்டி நடத்தினார், குள்ளமான பசங்க ஓரமா நின்னுடக்கூடாதுன்னு. இதுல எதுக்குமே காசு செலவில்லை பாருங்க. தனியா மெஷின் வேண்டாம், வெளிநாட்டு கேம்ப் வேண்டாம். போட்டியோட விதியை மாத்தினார், அவ்வளவுதான். எந்த வித்தை வரலையோ அதைச் செய்யாம ஜெயிக்கவே முடியாதுன்னு ஆக்கிட்டா, பையன் அதைத் தானா கத்துக்குவான். போர்டுல கணக்கை எழுதிட்டு, கைட் எல்லாத்தையும் வாங்கி வெச்சுக்கிற வாத்தியார் மாதிரி!

1950-ல ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்கு கோச் ஆனார். அன்னிக்கு இந்தியாவில் கால்பந்துன்னா கொல்கத்தாதான். அந்த வருஷமே டூரண்ட் கோப்பை ஃபைனல்ல மோகன் பகானை வீழ்த்தினாங்க இந்த போலீஸ்காரங்க. பம்பாய்ல அப்போ நடந்த ரோவர்ஸ் கோப்பையை 1950-லேர்ந்து 1954 வரைக்கும் தொடர்ந்து அஞ்சு வருஷம் தூக்கிட்டு வந்தாங்க. இந்திய அணி தானா தேடி வந்தது. 1951-ல டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஃபைனல்ல ஈரானை 1-0-ன்னு ஜெயிச்சு தங்கம்.

அடுத்த வருஷம் விழுந்தது அடி.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக். யூகோஸ்லாவியா 10, இந்தியா 1. நம்ம ஆட்கள்ல பெரும்பாலானவங்க வெறுங்காலோட அந்தக் குளிர்ல ஆடினாங்க. எங்க மார்க்கையன்கோட்டை பக்கம் அறுப்பு முடிஞ்ச வயல்தான் பசங்களுக்கு கிரவுண்டு. நெல்லுத்தாள் உள்ளங்கால்ல குத்தும், ரெண்டு நாள்ல பழகிடும். பழகின தரையில வெறுங்கால் ஒரு பலம்தான். ஈரமான, சில்லுனு இருக்கிற புல்தரையில, எதிர்ல பூட்ஸ் போட்ட பதினொரு பேர் வரும்போது அந்தப் பலம் எங்கே நிற்கும்? அந்தத் தோல்விக்கு அப்புறம்தான் இந்திய கால்பந்துக்கு பூட்ஸ் கட்டாயமாச்சு.

அதோட அவர் நிறுத்தலை. ரெண்டே டிஃபெண்டர்களை நம்பி ஆடுற பழைய பாணியையும் படிப்படியா மாத்தினார். நாலு வருஷம் கழிச்சு மெல்போர்ன் ஒலிம்பிக்ல அதுக்குப் பலன் கிடைச்சது. ஆஸ்திரேலியாவை அவங்க மண்ணுலயே 4-2-ன்னு சாய்ச்சோம். நெவில் டிசோசா ஹாட்ரிக். ஒலிம்பிக் கால்பந்துல செமி ஃபைனல் போன முதல் ஆசிய அணி இந்தியா. கடைசியில நாலாவது இடம்.

பசங்களை எங்கே தேடிப் பிடிச்சார்ங்கிறதுக்கு துளசிதாஸ் பலராமன் கதை ஒண்ணு போதும். செகந்திராபாத் பக்கத்து ஏழை வீட்டுப் பையன். ஹைதராபாத்துக்கு பிராக்டிஸுக்கு வந்து போக கையில காசில்லை. வாடகை சைக்கிளுக்கு ரஹீம் தன் பணத்தைக் கொடுத்தார். அந்தப் பையன்தான் சுனி கோஸ்வாமி, பி.கே.பானர்ஜியோட சேர்ந்து இந்தியாவின் புகழ்பெற்ற முன்கள மூவர்ல ஒருத்தர் ஆனார். 1960 ரோம் ஒலிம்பிக்ல பிரான்ஸோட 1-1 டிரா செஞ்ச அணியும் ரஹீமோடதுதான். பெரு அணிக்கு எதிரா நம்ம ஆட்கள் ஒரு கோல் போட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் ஒலிம்பிக் கால்பந்துல இந்தியாவோட கடைசி கோல் அதுதான்.

ஒரு லட்சம் பேர் எதிரே

1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேஷியா உள்ளே விடலை. அப்படின்னா இதை ஆசிய விளையாட்டுப் போட்டின்னே சொல்லக்கூடாதுன்னு இந்தியப் பிரதிநிதி ஜி.டி.சோந்தி கொடி பிடிச்சார். ஊரே நம்ம மேல கொதிச்சது. ஃபைனலுக்கு முந்தின நாள் இந்தியத் தூதரகத்தையே கூட்டம் தாக்கியது.

மைதானத்துக்குள்ள நிலைமை அதைவிடக் கஷ்டம். முதல் மேட்ச்லயே தென் கொரியாகிட்ட 0-2 தோல்வி. தாய்லாந்து மேட்ச்ல டிஃபெண்டர் ஜர்னைல் சிங் தலை உடைஞ்சு ஆறு தையல். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜுக்கு ஃப்ளூ காய்ச்சல். ஃபைனல்ல எதிரே மறுபடி அதே தென் கொரியா!

இங்கேதான் வாத்தியார் மூளை வேலை செஞ்சது. தலையில கட்டோட டிஃபென்ஸ்ல நின்னு முட்டி மோத முடியாத ஜர்னைலை, முன்னாடி கொண்டுபோய் சென்டர் ஃபார்வர்டா நிறுத்தினார். செமி ஃபைனல்ல தெற்கு வியட்நாமுக்கு எதிரா அவர் ஒரு கோல் போட, 3-2-ன்னு ஜெயிச்சோம். ஃபைனலுக்கு, நல்லா ஆடிட்டிருந்த பிரத்யுத் பர்மனை உட்கார வெச்சுட்டு, காய்ச்சல்லேர்ந்து எழுந்து வந்த தங்கராஜை கோல் போஸ்ட்ல நிறுத்தினார். மெட்ராஸ் ரெஜிமென்ட்ல வளர்ந்த ஆறடிக்கு மேல உயரக்காரர். கொரியர்களோட உயரப் பந்துக்கு அந்தக் கை வேணும்னு கணக்கு. தப்பியிருந்தா ஊர் என்ன பேசியிருக்கும்!

செப்டம்பர் 4. ஒரு லட்சம் பேர் இந்தியாவுக்கு எதிரா ஊளையிட்டாங்க. ஒரு மூலையில மட்டும் நமக்குக் கைத்தட்டல். ஹாக்கி ஃபைனல்ல நம்மளைத் தோற்கடிச்ச பாகிஸ்தான் ஆட்கள்தான் அது! 17-வது நிமிஷம் பி.கே.பானர்ஜி, 20-வது நிமிஷம் தலைக்கட்டோட ஜர்னைல். கடைசி நேரத்துல கொரியா ஒண்ணு திருப்புச்சு. 2-1, தங்கம்.

ஃபைனலுக்கு முந்தின ராத்திரி, இந்தத் தங்கத்தை எனக்குப் பரிசா கொடுங்கப்பான்னு ரஹீம் பசங்ககிட்ட கேட்டதா வீரர்கள் பின்னாடி நினைவுகூர்ந்தாங்க. சிகரெட்டை விடாத மனுஷன். நுரையீரல் புற்றுநோய் அவரைப் படுக்கையில தள்ளுச்சு. 1963 ஜூன் 11-ல இறந்தார், ஜகார்த்தா தங்கத்துக்கு ஒன்பது மாசம் கழிச்சு. வயசு 53. கோச்களுக்கான துரோணாச்சார்யா விருது தொடங்கினது 1985-ல.

ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்த மகன் ஹக்கீம் பிற்காலத்துல கோச் ஆனார். ஃபைனல்ல முதல் கோல் போட்ட பி.கே.பானர்ஜியும் கோச் ஆனார். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில், பானர்ஜி பயிற்சி கொடுத்த இந்திய அணி வெண்கலத்தோட திரும்பியது. அதுக்கு அப்புறம் அங்கே ஆண்கள் கால்பந்துல நமக்கு மெடல் கிடைக்கலை.