மூடியை ஆராய்ந்த சமையற்காரர்

குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் வலை நிறைந்து வரும் நாளில் மீனின் விலை எப்படிச் சரியுமென்பதை நாஞ்சில் நாட்டாருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் மதிப்புள்ள பண்டமாக இருப்பது, வெயில் ஏறுவதற்குள் யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்ற நிலைக்கு வந்துவிடும். பனிக்கட்டி அறியாத காலத்தில் மிஞ்சிய மீனுக்கு உப்பு, வெயில் என்ற இரண்டு புகலிடங்களே இருந்தன. சாளையும் நெத்தோலியும் கருவாடாயின. கருவாடு நல்ல பண்டந்தான். அதன் பெருமையைக் குறைப்பது நம் உத்தேசமன்று. ஆனால் கருவாட்டின் ருசி வேறு, மீனின் ருசி வேறு. சமைத்த உணவைச் சமைத்த பக்குவத்திலேயே வருஷக்கணக்கில் காப்பாற்ற முடியுமா என்ற கேள்விக்கு முதன்முதலில் செய்கையினால் விடையளித்தவர் நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சுச் சமையற்காரர். இன்று விரலை வளையத்தில் மாட்டி இழுத்து டப்பாவைத் திறப்பவர்களில் அவர் பெயரைக் கேள்வியுற்றவர்கள் மிகச் சிலரே. கலைக்களஞ்சியங்கள்கூட நெடுங்காலம் அவருடைய முதற்பெயரைத் தவறாக அச்சிட்டு வந்திருக்கின்றன.

அப்பேர் 1749-ம் வருஷம் நவம்பர் மாதம் 17-ந் தேதி, ஷாம்பேன் பிரதேசத்தில் மார்ன் நதிக்கரையிலுள்ள ஷாலோன் நகரில் பிறந்தார். தகப்பனார் சத்திரம் நடத்தியவர். ஆகவே பையனுக்குப் பள்ளிக்கூடம் சமையற்கட்டும் நிலவறையுமே. சாராயம் வடிக்கவும், பீர் காய்ச்சவும், விருந்து சமைக்கவும் அவர் அங்கே கற்றார். அந்தப் பிரதேசத்தின் திராக்ஷ ரசம் உலகப் பிரசித்தமானது. குப்பிக்குள்ளேயே பொங்கும் தன்மையுடையது. அதன் தக்கை தெறித்து ஓடாதபடி கயிற்றாலும் கம்பியாலும் இறுக்கிக் கட்டுவார்கள். இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த ஒருவர், குப்பியின் வாயே குப்பியின் உயிர் என்று எண்ணத் தலைப்பட்டதில் ஆச்சரியம் இல்லை. பிறகு ஜெர்மானியப் பிரபு ஒருவரின் அரண்மனையில் பல வருஷங்கள் ஊழியம் செய்துவிட்டு, 1784-ல் பாரிஸில் லொம்பார் தெருவில் மிட்டாய்க்கடை வைத்தார்.

1789-ல் புரட்சி மூண்டது. அப்பேர் வேடிக்கை பார்த்து நிற்கவில்லை. ஜனங்களின் பக்ஷத்தில் சேர்ந்து தம் பேட்டையின் சபையில் முக்கிய பதவிகளை வகித்தார். 1794-ல் பயங்கர ஆட்சி உச்சநிலையிலிருந்தபோது அவரையும் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். ஏறக்குறைய மூன்று மாதம் உள்ளே கிடந்தார். அந்நாட்களில் சிறைக்குச் சென்ற பலர் தலையோடு திரும்பவில்லை; இவர் திரும்பினார். அதன்பின் அரசியலைத் தொட்டதாகத் தெரியவில்லை. பாரிஸுக்கு அருகே ஈவ்ரி என்னுமிடத்தில் குடியேறி, அதற்குப் பின் மாஸ்ஸி என்ற ஊரில் தொழிற்சாலையும் காய்கறித் தோட்டமும் அமைத்து, ஒரே காரியத்தில் மனத்தைச் செலுத்தினார்.

அந்தக் காரியத்தை நான்கு வரியில் சொல்லிவிடலாம். உணவைக் கண்ணாடிக் குப்பியில் நிரப்புவது, வாயைக் காற்றுப் புகாமல் அடைப்பது, குப்பியைக் கொதிநீரில் வேண்டிய நேரம் வைத்திருப்பது, பின்னர் ஆறவிடுவது. சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அவருக்குப் பத்து வருஷத்திற்குமேல் பிடித்தது. பட்டாணிக்கு எத்தனை நேரம், ஆட்டிறைச்சிக்கு எத்தனை நேரம், பாலுக்கு எத்தனை நேரம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஆனால் அவருடைய உழைப்பில் பெரும்பகுதி மூடியின்மேல் சென்றது என்பதையே நாம் இங்கே குறிப்பாகச் சொல்ல விரும்புகிறோம். தக்கை நல்ல ஜாதியாக இருக்க வேண்டும். அதை முதலில் இடுக்கியில் வைத்து நசுக்கி மிருதுவாக்க வேண்டும். அகன்ற வாய்க்குப் பல துண்டுகளைச் சேர்த்து ஒட்டித் தக்கை செய்ய வேண்டும். அடித்து இறக்கியபின் இரும்புக் கம்பியால் கட்ட வேண்டும். அதற்கும் மேலே சுண்ணாம்பையும் பாலாடைக்கட்டியையும் பிசைந்த பசையைப் பூச வேண்டும். நம் வீடுகளில் உப்புமாங்காய்ப் பரணியின் வாயைத் துணியால் வரிந்து கட்டிய பாட்டிமார்களுக்கு இந்தக் கவலை புரியும். பரணியைக் காப்பது உப்பு. அப்பேரின் குப்பியில் உப்பின் துணை கிடையாது. சூட்டையும் மூடியையும் மட்டுமே நம்பினார்.

அவர் நம்பியது வீண்போகவில்லை. பிரெஞ்சுக் கடற்படையார் அவருடைய குப்பிகளைக் கப்பலில் ஏற்றிச் சென்று மாதக்கணக்கில் வைத்திருந்து திறந்து பார்த்தார்கள். சாறும் பயறும் பட்டாணியும் கெடாமல் இருந்தன. உப்பிறைச்சியும் காய்ந்த ரொட்டியுமாகத் தின்று ஈறு வீங்கிய மாலுமிகளுக்கு இது எவ்வளவு பெரிய வரமென்று சொல்ல வேண்டுமா? ஏன் கெடவில்லை என்பது மட்டும் எவருக்கும் விளங்கவில்லை. பெரிய ரசாயன பண்டிதரான கே-லுஸ்ஸாக் அந்தக் குப்பிகளை ஆராய்ந்து, உள்ளே பிராணவாயு இல்லாததே காரணம் என்று முடிவு கூறினார். அது சரியான காரணமன்று. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைச் சூடு கொன்றுவிடுகிறது, மூடி புதிய கிருமிகளை உள்ளே விடாமல் தடுக்கிறது என்ற உண்மை 1860-களில் பாஸ்டர் செய்த ஆராய்ச்சிகளுக்குப் பிறகே விளங்கியது. பண்டிதருக்குத் தப்பிய விஷயத்தை, காரணம் தெரியாமலே, கைப்பழக்கத்தால் சமையற்காரர் பிடித்துவிட்டார்.

1810-ல் பிரெஞ்சு சர்க்கார் அவர் முன் இரண்டு வழிகளை வைத்தனர். கண்டுபிடிப்பைத் தமக்கே உரிய சொத்தாகப் பதிவு செய்துகொள்ளலாம். அல்லது 12,000 பிராங்கு வெகுமதி பெற்றுக்கொண்டு, முறை முழுவதையும் புத்தகமாக எழுதி உலகறியச் செய்யலாம். அப்பேர் இரண்டாவதைத் தேர்ந்தார். குப்பி, தக்கை, கம்பி, நேரம் எதையும் ஒளிக்காமல் எழுதி, 200 பிரதிகளைச் சர்க்காரிடம் கொடுத்தார். அவர் அறுபது வயதைக் கடந்தவர். தொழிற்சாலையில் போட்ட பணம் திரும்பவில்லை. அந்நிலையில் செய்த தேர்வு இது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

அதே 1810-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 25-ந் தேதி, கடலுக்கு அப்பால் லண்டனில் பீட்டர் டூராண்டு என்ற வர்த்தகர், அயல்நாட்டார் ஒருவர் தமக்குத் தெரிவித்ததென்று சொல்லி, இதே முறைக்குத் தனியுரிமை பெற்றுக்கொண்டார். அதில் கண்ணாடியோடு தகரப் பாத்திரமும் சேர்ந்திருந்தது. அந்த உரிமையை டான்கின் முதலியோர் விலைக்கு வாங்கி, 1813-ல் லண்டன் அருகே தொழிற்சாலை திறந்து, ஆங்கிலக் கடற்படைக்குத் தகர டப்பா உணவை அனுப்பத் தொடங்கினார்கள். கண்டுபிடித்தவர் கொடுத்தார், காத்திருந்தவர்கள் எடுத்தார்கள். பிறர் தேசத்து மூளையை லாபமாக மாற்றும் இந்த வித்தையில் அக்காலத்து ஆங்கில வியாபாரிகள் கைதேர்ந்தவர்கள். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கண்ணாடி உடையும், தகரம் உடையாது. கப்பலுக்கும் படைக்கும் தகரமே ஏற்றது என்பதை அப்பேரும் பின்னர் உணர்ந்து தாமும் தகரத்துக்கு மாறினார்.

இங்கே ஒரு விந்தை நேர்ந்தது. அப்பேரின் குப்பியை யாரும் திறந்துவிடலாம். கம்பியை அவிழ்த்துத் தக்கையைப் பிடுங்கினால் தீர்ந்தது. தகர டப்பாவுக்கு வாயே இல்லை. மேல் தகட்டிலுள்ள துவாரத்தின் வழியாக உணவை இட்டு, அத்துவாரத்தையும் ஈயப்பற்று வைத்து மூடிவிட்டார்கள். உளியும் சுத்தியலும் கொண்டு விளிம்பைச் சுற்றி வெட்டுக என்பதே அதைத் திறக்கும் முறை. 1824-ல் வடதுருவக் கடலுக்குச் சென்ற பாரி என்ற கப்பல் தலைவர் கொண்டுபோன கன்றிறைச்சி டப்பாவில் இந்தக் கட்டளை பொறித்திருந்தது. உளி இல்லாத சிப்பாய்கள் கத்தியால் குத்தினார்கள், துப்பாக்கி முனையால் பிளந்தார்கள். டப்பா பிறந்து நாற்பது வருஷங்களுக்கு மேல் ஆனபின்னரே அதைத் திறக்கும் கருவி பிறந்தது. 1858-ல் அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் ஒரு கருவிக்கு உரிமை பெற்றார். 1870-ல் லைமன் என்பவர் விளிம்பைச் சுற்றி உருளும் சக்கரக் கத்தியைச் செய்தார். இதற்கு நடுவே, 1866-ல் ஆஸ்டர்ஹவுட் என்பவர் டப்பாவிலேயே ஒரு தகட்டு நாவை விட்டு, அதைச் சாவியில் சுற்றிக் கிழிக்கும் யுக்தியைக் கண்டார். மத்தி டப்பாக்களோடு வந்த சாவியை நம் முதியவர்கள் சிலர் பார்த்திருப்பார்கள். சாவி தொலைந்துவிட்டால் பழையபடி உளிதான்!

விரலே சாவியாக வேண்டுமென்று நினைத்தவர் அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்து டேட்டன் நகரில் பட்டறை வைத்திருந்த எர்மல் பிரேஸ். 1959-ல் குடும்பத்தோடு வனபோஜனம் சென்றபோது திறப்பானை மறந்துவிட்டு, மோட்டார் வண்டியின் முன் சட்டத்தில் டப்பாவை மோதித் திறந்தாராம். அதன்பிறகு அவர் இதே யோசனையில் இறங்கினார். கஷ்டம் எங்கே இருந்ததென்றால், மூடியில் வளையத்தைப் பொருத்த வேண்டும், ஆனால் துவாரம் போடக்கூடாது. துவாரமிட்டால் கசியும், உள்ளே உள்ளது கெடும். பிரேஸ் மூடியின் தகட்டையே அழுத்தி நடுவில் ஒரு சிறு குமிழாக எழுப்பி, வளையத்தை அதில் கோத்து, குமிழின் தலையை நசுக்கி ஆணியாக்கினார். தகடும் ஆணியும் ஒன்றே, துவாரமே இல்லை. பிறகு திறக்க வேண்டிய இடத்தைச் சுற்றி ஒரு கீறல். கால் மில்லிமீட்டர் அளவேயுள்ள தகட்டில் பாதிக்கு மேல் கீறிவிட வேண்டும்; உள்ளிருக்கும் அழுத்தத்துக்கு விரியக்கூடாது, குழந்தை இழுத்தாலோ விரிய வேண்டும். கீறல் சற்று ஆழமானால் டப்பா வண்டியிலேயே வெடிக்கும். சற்று மேலோட்டமானால் வளையம் கையோடு வந்துவிடும், மூடி அப்படியே நிற்கும். 1962-ல் பிட்ஸ்பர்க் நகரத்துப் பீர் டப்பாக்களில் இது வெளிவந்து சில வருஷங்களுக்குள் நாடெங்கும் பரவியது. பிய்த்தெறிந்த வளையங்கள் கடற்கரை மணலில் கிடந்து காலைக் கிழித்தன என்ற புகார் எழுந்தது. 1975-ல் டானியல் குட்ஸிக் என்பவர் வளையம் டப்பாவைவிட்டுப் பிரியாத மூடியை அமைத்தார். மீன் டப்பாவின் மூடி முழுவதும் சுற்றிக் கிழிந்து வருவதும் அதே ஆணியும் கீறலுமான வித்தைதான்.

இது நமக்கு எதற்கு என்று கேட்பவர்களைத் தூத்தூர்ப் பக்கம் போய் வரச் சொல்லுவோம். சுறாவையும் சூரையையும் தேடி ஆழ்கடலில் நாள்கணக்காகத் தங்கித் தூண்டில் போடும் அந்த மீனவர்கள் இந்தியக் கரை முழுவதும் பேர்பெற்றவர்கள். அவர்கள் பிடிக்கும் சூரையில் பெரும்பகுதி கொச்சித் துறையில் இறங்குகிறது. கொச்சியிலும் கொல்லத்திலும் ஒரு காலத்தில் இறால் டப்பாத் தொழில் நன்றாக நடந்தது. உள்ளே இருந்த இறாலை விட வெளியே இருந்த தகரத்தின் விலை பெருந்தொல்லையானபோது அது நலிந்தது, குளிரூட்டிய இறால் அதன் இடத்தைப் பிடித்தது. 1957-ல் கொச்சியில் ஏற்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையத்தார், வெள்ளீயம் பூசாத எஃகுத் தகட்டில் பூச்சிட்ட உள்நாட்டு டப்பாக்களைச் சோதித்து, மீன்குழம்பை அவற்றில் அடைத்துக் கெடாமல் வைக்கலாமென்று காட்டியிருக்கிறார்கள். மீன் நம்முடையது, கை நம்முடையது, குழம்பும் நம்முடையது. டப்பாவும் கீறல் மூடியும் மலிவாகக் கிடைக்குமாயின் கடலோர ஊர்களிலேயே இத்தொழில் ஏன் வேரூன்றக் கூடாது என்று நாம் கேட்கிறோம். குளச்சலில் விலை சரியும் நாளன்று இந்தக் கேள்விக்கு அர்த்தம் அதிகம்.

அப்பேரை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம். நெப்போலியன் வீழ்ந்த 1814, 1815-ம் வருஷங்களில் அந்நியப் படைகள் மாஸ்ஸியில் புகுந்தன. தொழிற்சாலை பாழாயிற்று. அறுபத்தைந்து வயதில் மீண்டும் பாரிஸுக்கு வந்து, தகரம் வெட்டவும் பற்றவைக்கவும் புதிதாகத் தொடங்கினார். பெரிய டப்பாக்களைச் செய்தார். சாற்றை வற்றவைத்து வில்லைகளாக்கினார். புத்தகத்தைத் திருத்தி மறுபடியும் மறுபடியும் பதிப்பித்தார். 1822-ல் தேசியக் கைத்தொழிலை ஊக்கும் சங்கத்தார் அவருக்கு மனித குலத்தின் உபகாரி என்ற பட்டத்தைச் சூட்டினார்கள். பட்டத்தினால் கடன் அடையவில்லை. அவருடைய முறையைக் கைக்கொண்டு நான்ட் நகரத்திலும் லண்டனிலும் அமெரிக்காவிலும் பலர் செல்வந்தரான காலத்தில், அவர் சர்க்கார் அளித்த சொற்ப உதவிச் சம்பளத்தில் வாழ்ந்தார். மனைவியும் பிரிந்துவிட்டாள். 1836-ல், எண்பத்தாறு வயதில், தொழிலைவிட்டு மாஸ்ஸிக்குத் திரும்பினார்.

1841-ம் வருஷம் ஜூன் மாதம் 1-ந் தேதி அங்கேயே காலமானார். வயது தொண்ணூற்றொன்று. தனிக் கல்லறைக்குப் பணமில்லாமையால் ஏழைகளின் பொதுக்குழியில் புதைத்தார்கள். 1955-ல் பிரெஞ்சு சர்க்கார் அவர் உருவத்தோடு தபால் தலை வெளியிட்டனர். குழி இருந்த இடத்துக்கு இன்று அடையாளம் இல்லை.