மைக் இல்லை, ஸ்லைடு இல்லை: பேசியதற்காகவே சிறைக்குப் போன சுப்பிரமணிய சிவா யார்?

தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. வ.உ.சி.க்கும் பாரதிக்கும் நண்பர் என்ற ஒரே வரியோடு நம்மில் பலர் கடந்துவிட்ட பெயர். ஆனால் மேடைப் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்று தெரிஞ்சுக்க இவரைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

1884ல் வத்தலக்குண்டில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் இளைஞர்களைச் சேர்த்து சுதேசி பற்றிப் பேச ஆரம்பித்தார். திருவிதாங்கூர் அரசு வெளியேற்றியது. ஊர் ஊராகப் பேசிக்கொண்டே தூத்துக்குடி வந்தபோது வயது 23. அங்கேதான் வ.உ.சி.யோடு கூட்டணி.

அந்தக் காலத்தில் அரசியல் கூட்டம் என்றால் பெரும்பாலும் படித்தவர்கள் படித்தவர்களுக்கு ஆங்கிலத்தில் பேசுவது. சிவா நின்றது கடற்கரை மணலில். எதிரில் மில் தொழிலாளிகள், கடைக்காரர்கள். பேசியது தமிழில். நாட்டு விடுதலை என்ற பெரிய விஷயத்தை, கேட்பவரின் கூலி, வேலை நேரத்தோடு சேர்த்தே சொன்னார். 'ஆடியன்ஸைத் தெரிஞ்சுக்கோ' என்று இன்றைய பிரசன்டேஷன் வகுப்புகளில் சொல்கிறார்களே, அதுதான் இது. என்ன, இங்கே பணயம் மார்க்கோ புரமோஷனோ இல்லை.

1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சி.யும் சிவாவும் தினமும் கூட்டங்களில் பேசினார்கள். மார்ச் முதல் வாரத்திலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. சம்பள உயர்வு, வார விடுமுறை கிடைத்தது. மார்ச் 12ல் இருவரும் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூடு வரை போனது.

வழக்கின் மையமே பேச்சுதான். கூட்டத்தில் போலீஸார் எடுத்த குறிப்புகள் சாட்சியமாயின. சிவாவுக்கு 10 ஆண்டு நாடுகடத்தல். மேல்முறையீட்டில் 6 ஆண்டாகக் குறைந்தது. வ.உ.சி.க்குக் கிடைத்த தண்டனையில் பாதி, சிவா பேசுவதற்குத் துணை நின்றதற்காக! ஒருவரின் பேச்சுக்கு அரசு எவ்வளவு பயந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன வேணும்?

1912ல் வெளியே வந்தபோது உடம்பில் தொழுநோய். 'ஞானபானு' இதழ் நடத்தினார், நூல்கள் எழுதினார், 1921ல் மறுபடி சிறை. தொழுநோயாளி என்பதால் ரயிலில் ஏறவும் தடை வந்தது. பேச்சாளருக்குப் பயணம் இல்லாமல் கூட்டம் ஏது? புண்பட்ட காலோடு நடந்தும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

பாப்பாரப்பட்டியில் நிலம் வாங்கி 'பாரதபுரம்' என்று பெயர் வைத்தார். சாதி பார்க்காமல் எல்லோரும் வரக்கூடிய பாரத மாதா கோயில் அவர் கனவு. 1923ல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். பணம் சேரவில்லை. 1925 ஜூலை 23ல், 40 வயதில், அதே பாப்பாரப்பட்டியில் சிவா காலமானார். பாரத மாதாவுக்கு அங்கே அரசு நினைவாலயம் எழுப்பியது கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு கழித்து.